யாரும் ஓட்டுப் போடாத தேர்தல்

கவுன்சிலர் இறந்த பதினாறாம் நாள் காரியத்தில், பந்தி நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு முதன்முதலில் என் காதில் விழுந்தது.

"பொம்பளைக வார்டா போச்சே. அண்ணன் நிக்க முடியாது. இப்ப யாரை நிப்பாட்டுறது?"

கேட்டவர் கட்சிக்காரர். வாயில் அப்பளம் இருந்தது. அவருக்கு நேர் எதிரே சுவரோரம் நாற்காலியில் படம் வைத்து மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். படத்தில் இருந்தவள் என் சிநேகிதி. நான் சாம்பார் வாளியோடு அவர் இலைக்கு முன்னால் நின்றேன். வாளியை அப்படியே அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. கரண்டியில் அள்ளி இலையில்தான் ஊற்றினேன். அதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம்.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேசை, சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. வாசலில் நின்று தலையைத் திருப்பினால் மலைக்கோட்டை தெரியும். என் வீட்டுக்காரர் ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து திண்டுக்கல் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் மினி லாரி ஓட்டுகிறார். என் சிநேகிதி வீட்டுக்கு நான்கு வீடு தள்ளித்தான் எங்கள் வீடு. இருபது வருடமாக அவளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான்.

அவளைக் கவுன்சிலர் ஆக்கியது அவள் கணவர். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அவர் நிற்க முடியவில்லை. மனைவியை நிற்க வைத்தார். போஸ்டரில் அவள் முகம் சிறியதாகவும் அவர் முகம் பெரியதாகவும் இருந்தது. ஜெயித்த பிறகு கவுன்சிலர் நம்பர் என்று ஊருக்கெல்லாம் கொடுத்த போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. யாராவது "கவுன்சிலர் இருக்காங்களா?" என்று வீட்டு வாசலில் வந்து கேட்டால், அவர்தான் "நான்தாங்க, சொல்லுங்க" என்பார். அவள் உள்ளே காபி போட்டுக்கொண்டிருப்பாள். அவரை இனி 'அந்த ஆள்' என்றே எழுதுகிறேன். மரியாதையாக எழுத கை வரவில்லை.

முதல் ஒரு வருடம் அவள் மன்றக் கூட்டங்களுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அந்த ஆள் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். ஒரு நாள் மத்தியானம் ஜாக்கெட் வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தவள், முந்தானைக்குள்ளிருந்து மடித்த தாள்கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடுத்த கூட்டத்தின் அஜெண்டா.

"வீட்டுல வச்சா அவர் எடுத்துக்கிறார். எனக்கு வாசிக்க நேரமே இல்ல. இங்க உக்காந்து வாசிக்கவா?" என்றாள்.

"நல்லா வாசி. யாரு வேணாம்னா?"

அவள் எட்டாவது வரை படித்தவள். நான் பிளஸ் டூ. அரசாங்கத் தமிழ் இரண்டு பேருக்கும் புரியவில்லை. ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பக்கம் முடிகிற வரை முற்றுப்புள்ளியே வராது. நான் ஹூக் தைத்துக்கொண்டே கேட்பேன். அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். மாதம் ஒருமுறை இப்படி நடந்தது. நாலாவதோ ஐந்தாவதோ மாதம் ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்தாள். எங்கள் தெருச் சாக்கடைக்கு மேல்மூடி போட்டு முடித்துவிட்டதாக எழுதியிருந்தது.

இரண்டு பேரும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தோம். சாக்கடை திறந்து கிடந்தது. அதில் ஒரு செருப்பு மிதந்தது.

அந்தக் கூட்டத்தில் அவள் எழுந்து பேசினாள். "என் தெருவுல மூடி இல்ல. எந்தத் தெருவுல போட்டீங்கன்னு சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வாரேன்." அவ்வளவுதான் சொன்னாளாம். மன்றமே சிரித்ததாம். பதினைந்து நாளில் மூடி வந்தது. கூட்டம் நடந்த அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்; அவள் சொன்னாள். எழுத மாட்டேன். மறுநாள் கழுத்து மூடின ஜாக்கெட் தைக்கச் சொன்னாள் என்பதோடு விடுகிறேன்.

அதற்குப் பிறகும் அவள் ஓயவில்லை. தெருத் தெருவாக நடந்தாள். எந்தக் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும், எந்த வீட்டுக் கிழவிக்கு உதவித்தொகை நின்றுபோனது, எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஜனங்கள் அந்த ஆளின் போனுக்கு அடிப்பதை விட்டுவிட்டு நேராக அவளிடம் வந்தார்கள். அந்த ஆளுக்கு அது பொறுக்கவில்லை.

அவளுக்கு மூச்சிரைப்பு இருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். "ஆஸ்பத்திரிக்குப் போடி" என்று நான் சொன்னபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்பாள். ஒரு சித்திரை மாதம், கட்சித் தலைவர் ஒருவர் ஊருக்கு வருகிறார் என்று பைபாஸ் ரோட்டில் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். கையில் தட்டு, தட்டில் கற்பூரம். காலை ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் மத்தியானம் ஒன்றரைக்கு வந்தார். அவள் மூன்று முறை உட்காரக் கேட்டிருக்கிறாள். அந்த ஆள், "கவுன்சிலரே உக்காந்தா மத்தவ எப்படி நிப்பா?" என்றிருக்கிறான். கார் வந்து நின்றபோது அவள் தட்டோடு விழுந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள்.

மன்றத்தில் இரங்கல் தீர்மானம் போட்டார்கள். இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். அதோடு அவள் நாற்காலி காலியானது.

காலியான நாற்காலி ஒரு வருடத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது. இடைத்தேர்தல் எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. இந்த மாதம் என்றார்கள், அடுத்த மாதம் என்றார்கள். இதற்குள் எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எரிந்துபோனது. பெண்கள் குடத்தோடு மூன்று தெரு தாண்டிப் போனோம். பக்கத்து வார்டு கவுன்சிலரிடம் போய்ச் சொன்னால், "என் வார்டே எனக்குப் பெரும்பாடும்மா" என்றார். மாநகராட்சி ஆபீஸில் மனு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்ட ஒருவர் நல்ல மனிதர், அவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "மன்றத்துல எந்திரிச்சுக் கேக்க உங்களுக்கு ஒரு ஆள் இல்லையேம்மா."

இல்லைதான். ஆனால் அந்த ஆளின் காரில் 'மாமன்ற உறுப்பினர்' என்ற பலகை அப்படியே இருந்தது. செத்தவள் பதவியில் அவன் கார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நான் நேரடியாகவே கேட்டேன்.

"அந்தப் பலகையக் கழட்டலாம்ல?"

"அது அவ ஞாபகமா இருக்கட்டும்க்கா" என்றான்.

அவர்களுக்கு ஒரே பையன். சென்னையில் வேலை. பெண் பிள்ளை இல்லை, அதுதான் அந்த ஆளுக்குச் சிக்கல். வார்டு பெண்களுக்கானது, அவன் வீட்டில் பெண் இல்லை. முதலில் பையனுக்கு அவசரமாகப் பெண் பார்த்தான். மருமகள் வந்தால் அவளை நிறுத்திவிடலாம் என்று கணக்கு. பையன் ஊருக்கு வந்திருந்தபோது என் கடைக்கு வந்து, அம்மா தைக்கக் கொடுத்திருந்த கடைசித் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அப்போது சொன்னான்: "உங்க வார்டுக்காக நான் கல்யாணம் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டேன் அத்தை. அம்மாவ வச்சுச் செஞ்சது போதாதா?" அதோடு போனவன், அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் வரவில்லை.

பையன் மாட்டேன் என்றதும் அந்த ஆள் தானே கல்யாணம் செய்துகொண்டான்.

கன்னிவாடிப் பக்கம் ஏதோ ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டிக் கூட்டிவந்தான். அவனுக்கு ஐம்பத்தாறு. அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது இருக்கும். அவள் அப்பா பூ விவசாயி. மழை இல்லாமல் இரண்டு வருடம் கனகாம்பரம் கருகிப்போன வீடு. அவளுக்கு முதல் கல்யாணம் ஏற்கெனவே முறிந்திருந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெருவில் எல்லோரும் சொன்னது, "பாவம், ஆம்பளை தனியா எம்புட்டு நாளு இருப்பாரு" என்பதுதான். நானும் அப்படி நினைத்துச் சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். பிறகு தேர்தல் அறிவிப்பு வந்தது. வாக்காளர் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அவன் வீட்டு எண்ணில் மூன்று பெயர் இருந்தது. அவன் பெயர். செத்துப்போன என் சிநேகிதியின் பெயர், அதை யாரும் நீக்கவில்லை. மூன்றாவதாக இந்தப் பெண்ணின் பெயர். கல்யாணம் முடிந்த கையோடு சேர்த்திருக்கிறான்.

ஒரு வாரத்தில் போஸ்டர் வந்தது. கைகூப்பி நிற்கும் புதுப் பெண். மேலே ஒரு மூலையில் விளக்குப் படத்துக்குள் என் சிநேகிதியின் முகம். கீழே, 'அம்மாவின் வழியில்'.

அதற்கு அடுத்த நாள் காலை அந்த ஆள் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கே வந்தான். மேசைமேல் புதுச்சேலையும் ஜாக்கெட் துணியும் வைத்தான்.

"நாளன்னைக்கு மனுத் தாக்கல்க்கா. அதுக்குள்ள தச்சுக் குடுத்துருங்க."

"அளவு எடுக்கணும்" என்றேன்.

"எடுக்க வேணாம். எதுக்கு நேரம்?" என்று பையில் கைவிட்டு ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டான். "இத அளவுக்கு வச்சுக்கங்க. இடுப்புல மட்டும் செத்தப் புடிச்சுத் தைங்க, போதும்."

அரக்கு ஜாக்கெட். கழுத்து மூடினது. நான் தைத்தது. வலது கைக்குழியில் வியர்வை படிந்த கறை அப்படியே இருந்தது.

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாருடைய ஜாக்கெட் என்று தெரிந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"என்னக்கா?"

"துணிய எடுத்துட்டுப் போங்கன்னேன். இந்தக் கடையில உங்களுக்குத் தைக்க மாட்டேன். பொண்டாட்டிய மாத்திட்டு ஜாக்கெட்ட அப்படியே வச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசனா?"

அவன் சிரித்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சிரித்துவிட்டு, "அக்காவுக்கு இன்னும் அவ நெனப்பு போகல" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு போனான். அன்று முழுக்க எனக்குத் தையல் நேராக வரவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும், "நான் எலெக்ஷன்ல நிக்கப் போறேன்" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். முகம் கழுவினார். பிறகுதான் பேசினார். "நில்லு. ஆனா ஒண்ணு. ஜெயிக்கணும்னு நிக்கிறியா, அவன் மேல உள்ள கோவத்துல நிக்கிறியா?"

"கோவத்துலதான்."

"அப்பச் சரி. ஜெயிக்கணும்னு நின்னேன்னா தோத்தா அழுவ."

தண்ணீருக்குக் குடத்தோடு நடக்கிற பெண்கள் எல்லோரிடமும் சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள். "நில்லுக்கா, நாங்க இருக்கோம்" என்றார்கள். சுயேச்சையாக நிற்க மனுவில் முன்மொழிகிறவர் ஒருவர் வேண்டும். அந்த வார்டு ஓட்டராக இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் பூ விற்கிறவள், "நான் போடுறேன்" என்று முந்திக்கொண்டு வந்தாள். என் மேசையிலேயே, என் பேனாவிலேயே கையெழுத்துப் போட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருத்தியிடமும் கேட்டு இன்னொரு மனு தயார் செய்திருந்தேன். மனு கொடுக்கப் போகிற காலையில் அந்த இன்னொருத்தியின் மகன் வந்து, "அம்மா ஊருக்குப் போயிட்டாங்க" என்றான். அவன் பின்னால், அவர்கள் வீட்டு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. சரி, ஒன்று போதும் என்று போனேன். டெபாசிட் கட்டினேன், மனுவைக் கொடுத்தேன். வெளியே வந்து ரசீதை மறுபடி வாசித்தேன். இத்தனை வயதில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல் நானே எடுத்த முடிவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று மத்தியானமே அந்த ஆள் வந்தான். இந்தத் தடவை தனியாக.

"என்னக்கா இது? நமக்குள்ள போட்டியா?"

"வார்டுல பொம்பளை யாரு வேணாலும் நிக்கலாம்."

"நிக்கலாம். நிக்கலாம்." கடையைச் சுற்றிப் பார்த்தான். "இந்த முன்னறையக் கடையா மாத்துனதுக்கு வரி மாத்தியிருக்கீங்களா? கரண்டு வீட்டுக் கனெக்ஷன்தானே? சும்மா கேட்டேன். தெரிஞ்சா நல்லதுல்ல."

"எல்லாம் மாத்தியிருக்கு. உங்க பழைய பொண்டாட்டிதான் கூட வந்து மாத்திக் குடுத்தா" என்றேன். அது உண்மை. அவன் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. எழுந்து போய்விட்டான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் கடையை அசைக்க முடியாது என்றால் அவன் அடுத்து எங்கே போவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முட்டாள்.

பரிசீலனை நாள். ஒரு நீளமான அறை, மின்விசிறி, பெஞ்சு. மனுக்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். இன்னொரு கட்சிக்காரி ஒருத்தியும் மனுப் போட்டிருந்தாள். என் பெயர் வந்ததும் அந்த ஆள் எழுந்தான். முன்மொழிந்தவரின் கையெழுத்து பொய் என்று ஆட்சேபம் சொன்னான். நான் சிரித்தேன். என் கண் முன்னாலேயே போட்ட கையெழுத்து. அப்போதுதான் கதவு வழியாக அடுத்த வீட்டுக்காரி உள்ளே வந்தாள். அவளை யார் கூட்டிவந்தது என்று கேட்கத் தேவையே இல்லை. கட்சிக்காரர்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள்.

அதிகாரி மனுவை அவளிடம் காட்டினார். "இது நீங்க போட்ட கையெழுத்தாம்மா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இல்ல சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"என் கையெழுத்து இல்ல சார். நான் எதுலயும் கையெழுத்துப் போடல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "ஏண்டி, எம் மேசையில உக்காந்து போட்டியேடி" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அதிகாரி இரண்டு முறை அவளிடம் கேட்டார், எழுதி வாங்கிக்கொண்டார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? மனு தள்ளுபடி. மூன்றாம் நாள் அந்த இன்னொரு கட்சிக்காரியும் வாபஸ் வாங்கினாள். அவளுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

போட்டியின்றித் தேர்வு. எங்கள் வார்டில் ஒரு ஓட்டுப் பெட்டி வைக்கவில்லை. ஒருவர் விரலிலும் மை படவில்லை. தெரு முழுக்கப் பட்டாசுக் காகிதம். என் வாசலில் விழுந்ததை நான் பெருக்கவில்லை. கிடக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று மூன்று நாள் விட்டுவைத்தேன்.

அடுத்த வீட்டுக்காரி ஒரு மாதம் கழித்து வந்து அழுதாள். வண்டி நிறுத்துகிற இடத்தில் இனி நிற்க முடியாது என்று அவளை மிரட்டியிருக்கிறார்கள். "எனக்கு வேற வழி தெரியலக்கா. ரெண்டு பொம்பளைப் புள்ள." நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். அவள் நிலைமை புரிகிறது. ஆனால் மன்னித்தேனா என்றால், இல்லை. மன்னிப்பு வரவில்லை. வராததை வந்ததாக எழுத முடியாது.

புதுக் கவுன்சிலர் பதவியேற்ற இரண்டு மாதத்தில் தொட்டிக்குப் புது மோட்டார் வந்தது. நாங்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு நான்கு முறை மனுக் கொடுத்து வந்தது அது. ஆனால் அந்த ஆள் அதற்குத் திறப்பு விழா வைத்தான். பந்தல், மைக், நாற்காலி. 'எங்கள் கவுன்சிலரின் முயற்சியால்' என்று பேனர். அந்தப் பெண் சேலை கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் அரைமணி நேரம் பேசிவிட்டு, "இந்த வார்டு மக்கள் எங்க மேல வச்ச நம்பிக்கைக்கு" என்று ஆரம்பித்து மைக்கை அவள் கையில் கொடுத்தான். ஒரு தாளும் கொடுத்தான்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"ஒரு நிமிசம். தாயி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த வார்டுல உனக்கு எத்தன பேர் ஓட்டுப் போட்டாங்க?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். தாளில் அதற்குப் பதில் இல்லை. எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னாள். ஆனால் மைக் வாயருகில் இருந்தது.

"யாரும் போடலக்கா."

தெரு முழுவதும் கேட்டது. குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி கைதட்டினாள். அந்த ஆள் மைக்கைப் பிடுங்கி, ஏதோ சொல்லி, மோட்டார் ஸ்விட்சைத் தானே அழுத்தினான். தண்ணீர் வந்தது.

வீட்டுக்கு வரும்போது எனக்குத் தலை கால் புரியவில்லை. என் வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீ கேட்டுட்டு வீட்டுக்கு வந்துட்ட. அந்தப் புள்ள எங்க போகும்?" என்றார்.

ஆறு நாள் அந்தப் பெண் வெளியே வரவில்லை. ஏழாம் நாள் காலை, அந்த ஆள் கார் கிளம்பிப் போன பிறகு, கடைக்கு வந்தாள். ஒரு கண்ணுக்குக் கீழே மஞ்சளும் கருப்புமாக இருந்தது. அவன் மேல் கோபம். அதைவிட என் மேல். நான் கேட்ட கேள்விக்கு அடி வாங்கியவள் அவள்.

"போலீஸுக்குப் போவோம் வா. நான் கூட வாரேன்."

"வேணாம்க்கா." தோளில் ஒரு பை இருந்தது. "அப்பா வீட்டுக்குப் போறேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்க மனுப் போட்டப்ப, நீங்க ஜெயிச்சுறணும்னு சாமி கும்பிட்டேன்."

"அப்புறம் ஏன் தாயி நீ போய் நின்ன?"

"எங்கிட்ட யாருக்கா கேட்டா? கல்யாணத்துக்குக் கேட்டாங்களா, இதுக்குக் கேக்க?"

கன்னிவாடி பஸ் வரை கூடப் போனேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "ராஜினாமான்னா எப்படிக்கா எழுதணும்? யாருகிட்டக் குடுக்கணும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். பஸ் கிளம்பிவிட்டது.

அவளே விசாரித்திருக்கிறாள். பத்து நாளில் அப்பாவோடு வந்து, தன் கையால் எழுதிய கடிதத்தை நேரில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ஆள் கன்னிவாடிக்கு மூன்று முறை போனான், கெஞ்சினான், சத்தம் போட்டான். அவள் அப்பா, "எம் புள்ள வராது" என்று சொல்லிவிட்டாராம். இதை அவளே போனில் சொன்னாள். குரல் நன்றாக இருந்தது. பின்னால் யாரோ வாளியை வைக்கிற சத்தம் கேட்டது.

அவள் தப்பித்தாள். வார்டு தப்பிக்கவில்லை. நாற்காலி மறுபடி காலி. தெருவிளக்கு நான்கு எரியவில்லை. குப்பை வண்டி இரண்டு நாளுக்கு ஒருமுறை. யாரிடம் போய்ச் சொல்வது என்று பெண்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கு என்ன பதவி, என்னிடம் கேட்க?

போன வாரம் அந்த ஆள் மறுபடி கடைக்கு வந்தான். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"நடந்தது நடந்து போச்சுக்கா. உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல."

நான் மிஷினை நிறுத்தவில்லை.

"சீக்கிரம் மறுபடி எலெக்ஷன் வரும். பொம்பளைக வார்டுதான். யோசிச்சுப் பாத்தேன். நீங்களே நில்லுங்க. சனங்களுக்கு உங்களப் புடிக்குது. கட்சியில நான் பேசுறேன். நீங்க சும்மா நின்னாப் போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்."

மிஷின் தானாக நின்றுவிட்டது. என் கால் நின்றதால்தான் நின்றிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை, நிஜமாகவே கேட்கிறான். இரண்டு பெண்கள் போய்விட்டார்கள், மூன்றாவதாக நான். எனக்கு அதில் சந்தோஷம் இருக்கும் என்றுகூட நம்புகிறான்.

"வெளிய போங்க" என்றேன்.

"அவசரம் இல்ல. யோசிச்சு..."

"வெளிய போடா."

ஐம்பத்தாறு வயது ஆளை, கட்சிக்காரனை, தெருவில் நாலு பேர் பார்க்க, அப்படிச் சொன்னேன். அவன் எழுந்தான். சிரிக்க முயன்றான், வரவில்லை. காரில் ஏறிப் போனான்.

மறுபடி ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தேன். மூன்று முறை தவறியது. எழுந்து ஷட்டரை இறக்கிவிட்டு, தெருவின் கடைசி வீட்டில் இருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: "எனக்கு முன்மொழியக் கையெழுத்துப் போடுவியா? அதிகாரி முன்னால வந்து, ஆமா நான்தான் போட்டேன்னு சொல்லுவியா?" முதல் நான்கு வீட்டில் பதில் சொல்லவில்லை. ஐந்தாவது வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, "உக்காருக்கா, கைய கழுவிட்டு வாரேன்" என்றாள்.

உட்கார்ந்தேன்.